நிறுவனர் பக்கத்தில் மூன்றாவது படம்

மெழுகுவத்தியைக் கொளுத்தி அதன் மேல் கண்ணாடிக் குவளையைக் கவிழ்த்ததும் லேப்காரர் இரண்டடி பின்வாங்கிவிடுவார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு மேசையோரம் நிற்பார். "அண்ணே, இப்ப நீங்கதான் பேசணும். கேமரா முன்னால வாங்க" என்று படம் பிடிக்கிற பெண் தினமும் சொல்லியாக வேண்டும்.

"பழக்க தோஷம்மா" என்று முனகிக்கொண்டு நடுவுக்கு வருவார்.

இருபத்திரண்டு வருடம் பள்ளிக்கூடத்துப் பரிசோதனைக் கூடத்தில் உதவியாளாக இருந்த மனிதர். வாத்தியார் கேட்குமுன் சாமானை எடுத்து வைக்க வேண்டும், பிசகினால் திட்டு. எந்தச் சோதனையையும் முதல் நாளே தனியாகச் செய்து பார்க்காமல் வகுப்புக்கு விடமாட்டார். ஒன்று ஏன் சரியாக வரவில்லை என்பது வாத்தியார்களைவிட இவருக்குத்தான் தெரியும். படிப்பு என்று பார்த்தால், பத்தாம் வகுப்பில் இரண்டு தடவை கோட்டை விட்டவர்.

மாடியில் குடியிருந்த கம்ப்யூட்டர்காரரும், வங்கி வேலையை உதறிவிட்டு வந்த அவர் மச்சானும் செல்போனில் பாடம் நடத்தும் கம்பெனி தொடங்கியபோது இவரையும் கூட்டுச் சேர்த்தார்கள். மூவரும் நிறுவனர்கள். கம்பெனியின் இணையப் பக்கத்தில் மூன்று படம். கீழே, யார் எங்கே வேலை பார்த்தார் என்ற விவரம். மற்ற இருவருக்கும் நாலு நாலு வரி. இவருக்கு ஒரே வரி: முன்னாள் இயற்பியல் ஆசிரியர். எழுதியது மச்சான்.

"ஏங்க, நீங்க எப்ப வாத்தியார் ஆனீங்க?" என்றாள் மனைவி.

"போட்டோ புடிச்ச அன்னிக்கி."

சிரித்தாள். ஆனாலும் காய்கறிக் கடை வரைக்கும் அந்தப் பக்கத்தைக் காட்டிவிட்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் பிறந்த வீட்டில் அவரை ஆளாக மதித்தவர் இல்லை.

போன வாரம் கம்பெனியில் பணம் போட ஒரு அம்மாள் வந்தாள். "சார், எத்தனை வருஷம் கிளாஸ் எடுத்தீங்க?"

மச்சான் மேசைக்கடியில் இவர் காலை மிதித்தான். சொல்லவேண்டியது மனப்பாடமாக இருந்தது. ஆனால் லேப்பில் கருவி பழுதென்றால் கேட்டவுடன் உள்ளதைச் சொல்லிவிட வேண்டும், மறைத்தால் எவன் கையாவது வெந்துபோகும்; அப்படியே பழகிய வாய். "கிளாஸ் எடுக்கல மேடம். எடுக்கறவங்களுக்கு சாமான் எடுத்துக் குடுத்தேன்."

அம்மாள் மச்சானைப் பார்த்தாள். "மத்ததெல்லாம் எப்படி? இதே மாதிரிதானா?"

நேற்றுக் காலை மச்சான் தோளில் கை போட்டான். "தப்பா எடுத்துக்காதீங்கண்ணே. வேலை அப்படியே இருக்கு. அந்தப் பக்கத்துல மட்டும் வேணாம்."

"உள்ளதையே போட்டுடேன். லேப் உதவியாள்னு."

"பாக்கறவங்க என்னண்ணே நினைப்பாங்க?"

மத்தியானம் பக்கத்தில் இரண்டு படம்தான் இருந்தது. அவர் வீட்டில் வாய் திறக்கவில்லை.

சாயங்காலம் மனைவியின் அக்காளும் சகலையும் வந்திருந்தார்கள். "அத்தான் தன் கண்ணாலயே பாக்கட்டும். உங்க படம் போட்ட பக்கத்தை எடுத்துக் காட்டுங்க" என்று மனைவி செல்போனை நீட்டினாள். குரலில் அத்தனை குஷி.

லேப்காரர் அதை வாங்கிக்கொண்டு ஜன்னலோரம் போனார். அவர்களுக்கு முதுகைக் காட்டி நின்று, கட்டைவிரலால் இணைப்பை அணைத்தார். "நெட் வரல" என்று வெள்ளைத் திரையைச் சகலையின் கையில் வைத்தார்.