அழித்துவிட்ட நினைவு

இது கதையில்லை. நம்பாதவர்கள் வெள்ளிமலைக்குப் போய், பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே கணினிக் கடையில் இருக்கும் மலர்விழியையே கேட்கலாம். திரையைப் பார்க்காமல்தான் பதில் சொல்வாள்.

அந்தக் கடையில் விண்ணப்பங்களை நிரப்ப ஒரு ஏஐ மென்பொருள் உண்டு. முதல் தடவை அது பக்கத்தை மெதுவாகப் படித்து, எந்தப் பொத்தானை அழுத்துவது என்று தேடும். அழுத்தியதை நினைவில் வைத்துக்கொள்ளும். மறுமுறை படிப்பதே இல்லை. நினைவிலிருந்தே மளமளவென்று அழுத்தும். ஒவ்வொரு படிக்கும் ஓரத்தில் எழுதிக் காட்டும்: ‘புதிது’ அல்லது ‘நினைவிலிருந்து’.

சென்ற ஆடியில் ஒரு செவ்வாய்க்கிழமை. அந்த மென்பொருளைப் போட்டுத் தந்த பிரவீன்குமார் காலையிலேயே கள்ளக்குறிச்சியிலிருந்து பேசினார். விண்ணப்பப் பக்கம் மாறிவிட்டதாம். பழைய நினைவு முழுவதையும் அழித்துவிட்டாராம். இன்று எல்லாம் மெதுவாகத்தான் ஓடும் என்றார்.

அன்றுதான் கடையில் காத்திருந்த சடையனின் மகள் அபிநயாவின் சாதிச் சான்றுக்குக் கடைசி நாள். ஐந்து மணிக்குள் விண்ணப்ப எண் வராவிட்டால் கல்லூரியில் இடம் போய்விடும். மென்பொருள் இல்லாமல் படிவத்தைக் கையாலேயே நிரப்பத் தெரிந்தவள், கடையில் வெகுநாளாக வேலை பார்க்கும் ஜீவா ஒருத்திதான். மலர்விழி வேலைக்குச் சேர்ந்து ஒன்பதே நாள்.

மதியம் ஜீவா பிரிண்டர் மை வாங்க ஸ்கூட்டியில் மலையிறங்கினாள்.

“கவலப்படாதீங்கண்ணா. இன்னா ஆனாலும் அஞ்சுக்குள்ள நானே முடிச்சுக் குடுக்கறேன்.”

மணி 4:20. ஜீவா வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. வேறு வழியில்லாமல் மலர்விழி மென்பொருளை ஓடவிட்டாள். முதல் படி... ‘புதிது’. பத்து நிமிடம். இரண்டாம் படி... ‘புதிது’. இன்னொரு பத்து நிமிடம். மொத்தம் நாற்பது படிகள்.

4:41. திரை ஒருமுறை அணைந்து வந்தது.

மூன்றாம் படி. ‘நினைவிலிருந்து’.

அவள் மவுஸிலிருந்து கையை எடுத்தாள். எந்த நினைவு? காலையிலேயே அழித்தாயிற்றே...

பெயர் விழுந்தது. ஊர் விழுந்தது. முகவரியில் ‘மேல வூடு’ என்று விழுந்தது.

நின்றது.

‘வூடு’ மட்டும் அழிந்தது. ‘வீடு’ என்று வந்தது.

அது ஜீவாவின் தப்பு. பேசுகிற மாதிரியே அடித்துவிட்டு, அப்புறம் திருத்துவாள். மென்பொருள் அப்படிச் செய்து யாரும் பார்த்ததில்லை.

“இன்னாம்மா, தானா ஓடுது?” என்றார் சடையன்.

“ஆமாண்ணா.”

4:52. ஓடிபி கட்டம். ஆறு எண்கள் விழுந்தன.

பிறகுதான் சடையனின் சட்டைப்பையில்... டிங்.

அதே ஆறு எண்கள்.

4:56. விண்ணப்ப எண் வந்தது. சடையன் மலர்விழியைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

5:35. போன் வந்தது. மலைப்பாதை வளைவில் ஜீவாவின் வண்டி சரிந்துவிட்டது. உயிர் போன நேரம் என்று ஆஸ்பத்திரியில் எழுதித் தந்தது 4:40.

மறுநாள் கடை திறக்கவில்லை. ஷட்டர் பூட்டியிருந்தது. மெயின் சுவிட்சை மலர்விழியே அணைத்திருந்தாள்.

மூன்றாம் நாள் பிரவீன்குமார் பதிவுகளைப் பார்த்துவிட்டு அவளைக் கேட்டார், நேற்று கடையில் யார் உட்கார்ந்திருந்தது என்று.

பதிவில், கடை பூட்டியிருந்த அந்த நாள் காலை 9:02க்கு, ஒரு வெற்றுக் கட்டத்தில், ஒரே ஒரு வரி இருந்தது.

‘அடுத்து யாருங்க, வாங்க.’