இருபத்து மூன்று பைகளுக்குக் காவல்

கப்பலில் உல்லாசப் பயணம் போகிறவர்களுக்கு ஷிப்ட் சீட்டு போட்ட ஒரே முட்டாள் நானாகத்தான் இருப்பேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனி யார் யார்மேல் எரிந்து விழப்போகிறேனோ, அந்த வரிசையில் முதல் ஆள் நான்.

தொண்ணூறுகளின் தொடக்கம். ஓசூரில் ஒரே தொழிற்சாலையில் வேலை பார்த்த ஐந்து குடும்பங்கள், கொச்சியிலிருந்து லட்சத்தீவுக்குக் கப்பலில் போய்வருவது என்று முடிவாயிற்று. தண்ணீர் என்றால் எங்களுக்குக் கெலவரப்பள்ளி அணைதான். அதிலும் முழங்காலுக்கு மேல் இறங்காத வீரர்கள். எங்கள் லைன் சூப்பர்வைசர் தலைவர், ஏற்பாடு என்னுடையது. வாய் நீளமானவன் தலையில்தான் எல்லா ஏற்பாடும் விழும்.

எங்களுக்குக் கிடைத்தது கடைசி வகுப்பு. கப்பலின் அடித்தட்டில் ஒரு பெரிய கூடம், ரயிலில் இருப்பதுபோல வரிசையாகப் படுக்கைகள். ஜன்னல் கிடையாது. கூடம் நிறைய முகம் தெரியாத ஜனம். எங்கள் பைகள் மட்டும் இருபத்து மூன்று. புளிச்சோறு, முறுக்கு டின், ஒரு வீட்டில் ராகி மாவுகூட. கப்பல்காரன் களி கிண்ட அடுப்பு தருவான் என்று நம்பிக்கை!

இத்தனையையும் யார் பார்த்துக்கொள்வது? பேனாவை எடுத்தேன். நான்கு மணி நேரத்துக்கு ஒருவர். தொழிற்சாலை விதியை அப்படியே எழுதினேன்: சீட்டில் பேர் உள்ளவர் வந்து மாற்றாமல், இருப்பவர் இடத்தை விட்டு நகரக் கூடாது. கீழே ஐந்து பேர்கள். ஐந்தும் பெண்கள். ஆண்கள் பேரையும் எழுதலாமே என்று எனக்கும் தோன்றவில்லை, மற்ற நாலு பேருக்கும் தோன்றவில்லை. கூடத்துத் தூணில் ஒட்டிவிட்டு, தள்ளி நின்று என் கையெழுத்தை நானே ரசித்தேன்.

என் மனைவி வேப்பனப்பள்ளிக்காரி. கடலையே பார்த்ததில்லை. அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. நாலு பக்கமும் கரை தெரியாத இடத்தில் சூரியன் தண்ணிக்குள் இறங்குவதைப் பார்க்கணும். போகிற அன்று சாயங்காலம் வாந்தி, சேலைத் தலைப்பால் முகத்தை மூடிப் படுத்துவிட்டாள். மறுநாள் காலையில் தீவு, மதியம் திரும்பவும் கப்பல். மிச்சம் இருந்தது அந்த ஒரு சாயங்காலம். ஒன்றிலிருந்து ஐந்துவரை அவள் ஷிப்ட். ஐந்துக்குச் சூப்பர்வைசர் வீட்டம்மா வந்து மாற்ற வேண்டும்.

ஐந்தே முக்கால். அந்த அம்மா மேல்தளத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு முறுக்கு தின்றுகொண்டிருந்தார்.

"அக்கா, கீழே உங்க டர்ன்" என்றேன்.

புருஷன் முந்திக்கொண்டார். "ஹோகலி பிடுப்பா, போகட்டும் விடு, கீழே போனா இவளுக்குத் தலை சுத்தும். உன் வீட்டுக்காரியே இருக்கட்டும். அடுத்தவன் தோப்புக்குக் காவல் இருந்த ஜனம்தானே, பழகியிருக்கும்."

என் மாமனார் மாமியார் கூலிக்கு மாந்தோப்புக் காவல் இருந்தவர்கள். அது அவருக்குத் தெரியும், எல்லோருக்கும் தெரியும். இந்த இடத்தில் மானமுள்ளவன் என்ன செய்வான்? நான் ஜோக் அடித்தேன்.

"ஆமாண்ணா, குரங்கையே விரட்டினவ. எவனாவது பையைத் தொட்டா கல்லு வரும்!" கவண் சுழற்றி நடித்தும் காட்டினேன்.

தளமே சிரித்தது. சிரிப்பு அடங்கும்போதுதான் படிக்கட்டு வாசலைப் பார்த்தேன். என் மனைவி நின்றிருந்தாள். மாற்ற ஆள் ஏன் வரவில்லை என்று ஏறி வந்திருக்கிறாள். அத்தனை பெரிய கடல் எதிரே இருந்தது. அவள் என்னைத்தான் பார்த்தாள். திரும்பி இறங்கிவிட்டாள்.

எனக்குக் கோபம் அப்போதுதான் வந்து சேர்ந்தது, எங்கள் டவுன் பஸ் மாதிரி, ஆள் போன பிறகு.

"தலை சுத்துற வாய்க்கு முறுக்கு எப்படிண்ணா இறங்குது?" என்று கத்தினேன். "லைன்ல ரெண்டு நிமிஷம் லேட்டா வந்தவனுக்கு மெமோ குடுத்தீங்களே! இப்ப முக்கால் மணி நேரம் ஆச்சு, உங்க வீட்டுக்கு யாரு மெமோ குடுக்கிறது? அவ பொறந்த வீட்டைப் பேச நீங்க யாரு?"

"ஏம்ப்பா, வெளையாட்டுக்குச் சொன்னதுக்கா இந்தக் குதி குதிக்கிற? நடிச்சுக் காட்டினது நீதானே?"

அந்த ஆளை நினைத்தால் இன்றைக்கும் பல்லைக் கடிக்கிறேன். அந்தக் கேள்விக்கு இன்னும் பதில் கிடைக்காததால் இன்னும் பலமாகக் கடிக்கிறேன்.

சூரியன் தண்ணீருக்கு ஒரு சாண் மேலே இருந்தது. இரண்டிரண்டு படியாகத் தாவி, முழங்காலைக் கம்பியில் இடித்துக்கொண்டு இறங்கினேன். பைகளுக்கு நடுவே, டியூப்லைட் வெளிச்சத்தில், முதுகு நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள்.

"எழுந்திரு, ஓடு! இன்னும் இறங்கலை. பையை நான் பாத்துக்கறேன்."

தூணில் ஒட்டியிருந்த சீட்டை ஒரு தடவை மேலிருந்து கீழ்வரை படித்தாள்.

"உங்க பேரு சீட்டுல இல்லீங்க."