இறுகிய அரைஞாண், கழன்ற காப்பு

“எஸ்.எஸ்.எல்.சி. பாஸாயிட்டா புள்ள வளக்கத் தெரிஞ்சிருமாடி? பெத்துப் பாரு, அப்புறம் பேசு.”

சொன்னது என் அத்தை, அக்காவின் மாமியார். அக்கா மகனின் அரைஞாண் கயிற்றை அவிழ்த்து, ஒரு விரல் தளர்த்திக் கட்டிக்கொண்டிருந்தார். அந்த மாதத்தில் அது மூன்றாவது முறை. எங்கள் பக்கம் கைக்குழந்தை வளர்வதை அரைஞாணில்தான் பார்ப்பார்கள். பேரன் சதை போடுகிறான் என்று அத்தை அமராவதிபுதூர் முழுக்கச் சொல்லியாகிவிட்டது. நானும் நம்பினேன், அவனுடைய வெள்ளிக் காப்பு கழன்று என் மடியில் விழும்வரை.

சதை போட்டால் இரண்டும் அல்லவா இறுக வேண்டும்? அதோடு, நாலு வாய் பால் குடிப்பதற்குள் அவனுக்கு நெற்றி வேர்த்து மூச்சு வாங்கியது.

“இது சதை இல்ல அத்தை, வயித்து வீக்கம். மதுரைக்குக் கொண்டு போவோம்.”

அதற்குத்தான் அந்தப் பேச்சு. அக்கா காப்பை மகன் கையில் போட்டுப் பார்த்தாள். மறுபடி கழன்றது. புடவை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

மதுரை டாக்டர் எக்ஸ்ரே படத்தைக் காட்டினார். நெஞ்சில் பாதிக்கு மேல் இருதயம்தான் இருந்தது.

“இருதயத் தசை தளர்ந்து விரிஞ்சிருக்கு. உள்சுவரும் தடிச்சிருக்கும்னு சந்தேகப்படுறேன். கைக்குழந்தைக்கு ரெண்டும் சேர்ந்து வர்றது அபூர்வம். மருந்து கொடுத்துப் பார்க்கலாம். ஆனா ஒவ்வொரு வேளையும் துடிப்பை ஒரு நிமிஷம் எண்ணணும். குறைஞ்சிருந்தா கொடுக்கவே கூடாது, உயிருக்கு ஆபத்து. வீட்டுல கடிகாரம் பார்த்து எண்ணுறது யாரு?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், அத்தை உட்பட. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்.

அப்பா காரைக்குடியில் கைக்கடிகாரம் வாங்கித் தந்தார். இரண்டு வருஷம் அக்கா வீட்டிலேயே தங்கி, காலையும் மாலையும், அவன் நெஞ்சில் காதை வைத்து எண்ணினேன். இரண்டு முறை துடிப்பு குறைந்திருந்தது. மருந்தைக் கொடுக்காமல் மதுரைக்கு ஓடினோம். நான் எண்ணும்போது வீட்டில் யாரும் வாய் திறக்க முடியாது.

“செத்த பேசாம இருக்கீகளா? அவ எண்ணுறால்ல!” என்று, சம்பந்தி என்றும் பாராமல் எங்கள் அப்பாவையே அத்தை அதட்டியிருக்கிறார்.

போன தை மாதம் டாக்டர் மருந்தை நிறுத்தினார். புதிய படத்தில் இருதயம் தன் அளவுக்கு வந்திருந்தது. பஸ் ஸ்டாண்டில் பயல் கையை உதறிவிட்டு ஓடினான். பின்னால் ஓடிய அத்தை இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“பிடிடி அவன! இப்ப எனக்குல்ல மூச்சு வாங்குது!”

அன்று ஆஸ்பத்திரியிலேயே நர்ஸ் பயிற்சிக்கு விண்ணப்பம் வாங்கியிருந்தேன். அப்பா கைநாட்டு வைத்தார். பக்கத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். நேற்றிலிருந்து பயிற்சிக்காகக் குழந்தைகள் வார்டில் இருக்கிறேன், அதே கைக்கடிகாரத்தோடு.