அக்காவின் முந்திரி, என் சம்பங்கி

அப்பா நிலத்தைப் பிரித்தபோது அக்கா பங்குக்கு மேட்டுக்காட்டில் பன்னிரண்டு முந்திரி மரங்கள் வந்தன. எனக்குக் கிணற்றடி நிலம். நான்தான் கொடுத்துவைத்தவள் என்று ஊரே சொன்னது. நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், கிணற்றடியில் சம்பங்கி போடுகிற வரைக்கும்.

சம்பங்கிக்கு லீவு கிடையாது. வாரத்துக்கு ஒரு தண்ணீர், மாதத்துக்கு ஒரு களை. இதெல்லாம்கூடப் பரவாயில்லை. மொட்டு விரிவதற்குள் பறித்தாக வேண்டும், அதுதான் பாடு. விரிந்த பூவைக் கொண்டுபோனால் கள்ளக்குறிச்சி பூக்கடைக்காரர் கூடையைத் தொடக்கூட மாட்டார். கல்வராயன் மலை கண்ணுக்குத் தெரிகிற நேரத்தில் கூடை கட்டி முதல் பஸ்ஸில் ஏற்றியிருக்க வேண்டும். சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போனாலும் தாலி கட்டி முடித்த கையோடு கிளம்பி வந்துவிடுவேன். பந்தியில் உட்கார்ந்து நிதானமாகப் பாயசம் சாப்பிட்டு எத்தனையோ வருஷம் ஆகிறது.

அக்கா கதை வேறு. அவளுக்கு வீடு உளுந்தூர்பேட்டையில். மழைக்கு ஒரு உழவு, காய்ப்பு முடிந்ததும் பட்ட கிளைகளைக் கழிப்பது, பூக்கிற காலத்தில் பூச்சி விழுந்திருக்கிறதா என்று ஒரு பார்வை, கொட்டை விழுமுன் மரத்தடியைக் கூட்டி வைப்பது. முந்திரிக்கு அவ்வளவுதான் வேலை, அதையும் பாதிக்குமேல் நான்தான் பார்ப்பேன். சித்திரை பிறந்ததும் அக்கா ஒரு சாக்கை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்து இறங்குவாள். முந்திரியைப் பறிக்கக் கூடாது. பழுத்து, தானாக விழுந்ததில்தான் பருப்பு முற்றியிருக்கும். எனக்குப் பொறுக்காது. கிளையைப் பிடித்து இரண்டு உலுக்கு உலுக்குவேன்.

"உலுக்காதடி. வுழறது வுழட்டும்," என்பாள் அக்கா, தலையைக்கூட நிமிர்த்தாமல்.

எனக்கு வீட்டில் பெயரே முந்திரிக்கொட்டை. யார் என்ன கேட்டாலும் முதலில் பதில் சொல்கிறவள் நான் என்பதால் சின்ன வயதிலேயே ஒட்டிக்கொண்ட பெயர். பழத்துக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்பதைப் பார்த்துத்தான் அப்படித் திட்டுகிறார்கள். திட்டியவர்கள் யாரும் அந்த மரத்தை வளர்த்ததாகத் தெரியவில்லை. கொட்டை முதலில் வந்துவிடுவது உண்மைதான். ஆனால் அதன் பிறகு பழம் பருத்து, நிறம் ஏறி, காம்பு விடுகிற வரை அது சும்மா தொங்கிக்கொண்டுதானே இருக்கிறது? அந்தப் பொறுமை எனக்கு இருந்திருந்தால் தை மாதத்தில் அப்படி நடந்திருக்காது.

அக்கா மகளைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். அக்கா ஒரு வருஷமாகக் காத்திருந்த இடம். காபி குடித்துக்கொண்டே பையனுடைய அம்மா, "கல்யாணத்துக்கு அப்பறம் பொண்ணு வேலைய வுட்டுடும் இல்ல?" என்று பொதுவாகக் கேட்டார். அக்கா வாயைத் திறப்பதற்குள் நான், "அவ எங்க வுடுவா. மெட்ராசுக்கு மாத்தல் கேட்டு எழுதிப் போட்டுகீறா," என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன். அந்த அம்மா பாதிக் காபியோடு டம்ளரைக் கீழே வைத்தார். இரண்டு நாள் கழித்து, ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அக்கா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். என் போனை எடுப்பதை மட்டும் நிறுத்திவிட்டாள். நான் காலையில் போடுவேன், பூ அனுப்பிவிட்டுப் போடுவேன், சோறு வெந்துகொண்டிருக்கும்போது போடுவேன். மணி அடித்து அடித்து நின்றுபோகும்.

அந்த நேரத்தில்தான் சம்பங்கியில் பழைய பாத்தி ஒன்றைப் பிரிக்க வேண்டியிருந்தது. மூன்று வருஷமான பாத்தி, பூ சிறுத்துப்போயிருந்தது. தூரைத் தோண்டி மண்ணை உதறினால் தாய்க்கிழங்கைச் சுற்றிக் குட்டிகள் வெங்காயம் வெங்காயமாக ஒட்டிக்கொண்டிருக்கும். எடுத்த கிழங்கை உடனே நடக் கூடாது, ஒரு மாதம் நிழலில் பரப்பி ஆறப்போட வேண்டும். இது எனக்குத் தெரியாததா என்ன? ஆனால் பாத்தி காலியாகக் கிடந்தால் கை சும்மா இருக்கும், கை சும்மா இருந்தால் போனை எடுக்கும். மறுநாளே பாதிக் கிழங்கை நட்டுவிட்டேன். மீதிப் பாதியை என் வீட்டுக்காரர் அள்ளிக்கொண்டுபோய் மாட்டுக்கொட்டகை நிழலில் பரப்பினார். அன்றைக்கு மத்தியானம் நான் மறுபடியும் போனைக் காதில் வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு, "அதயும் கொஞ்சம் ஆறப்போடேன்," என்றார்.

என் பாதியில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் முளை வந்தது. முளைக்காத இடத்தில் ஒன்றைத் தோண்டிப் பார்த்தேன். கொழகொழவென்று அழுகி, நாற்றம். வீட்டுக்காரர் மாசிக் கடைசியில் நட்டது பங்குனியில் வரிசை தப்பாமல் பச்சையாகக் குத்திக்கொண்டு நின்றது. காலையில் ஒரு தரமும் சாயங்காலம் ஒரு தரமும் வரப்பில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தார். அதற்குப் பதில் நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

கிழங்கு விஷயத்தில் அவர் சொன்னது சரியென்றால் அக்கா விஷயத்திலும் சரியாகத்தான் இருக்கும் என்று முடிவு செய்தேன். போன் போடுவதை நிறுத்தினேன். பிறந்ததிலிருந்து முதல் தடவையாக நாக்கைக் கட்டிப்போட்டேன். ஒரு நாள் விழுப்புரம் போகிற வழியில் பஸ் உளுந்தூர்பேட்டையில் பத்து நிமிஷம் நின்றது. அக்கா வீடு அங்கிருந்து கூப்பிடு தூரம். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சீட்டைவிட்டு எழாமல் உட்கார்ந்திருந்தேன். இன்னும் சூடு ஆறியிருக்காது, இப்போது போய் நின்று கெடுத்துவிடக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து சொன்னதும், "பரவால்லியே," என்றார் வீட்டுக்காரர். எனக்கே என்னை நினைத்துப் பெருமையாகத்தான் இருந்தது.

சித்திரை வந்தது. மேட்டுக்காட்டில் மரத்தடியைக் கூட்டி வைத்தேன். மஞ்சளும் சிவப்புமாகப் பழங்கள் விழ ஆரம்பித்தன. நான் ஒன்றைக்கூடப் பொறுக்கவில்லை. அக்கா வர வேண்டும், அவள் கையால்தான் பொறுக்க வேண்டும். வராமல் கூலிக்கு ஆள் அனுப்பிவிட்டால்? அப்படிச் செய்துவிட்டால் அதற்கு மேல் எங்களுக்குள் ஒன்றும் இல்லை என்று அர்த்தம். எனக்குப் பயமாக இருந்தது. சாயங்காலப் பஸ் ஹாரன் கேட்கும்போதெல்லாம் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தேன்.

ஒரு நாள் பூக்கூடையைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டுத் திரும்பி வரும்போது மேட்டுக்காட்டில் குனிந்த முதுகு ஒன்று தெரிந்தது. பக்கத்தில் சாக்கு. அக்காதான். ஓடத் துடித்த காலை அடக்கி மெதுவாக நடந்து போனேன். அவள் நிமிரவில்லை. எதிரில் உட்கார்ந்து ஒரு பழத்தை எடுத்துக் கொட்டையைத் திருகினேன். கொட்டைப் பால் பட்டால் தோல் பொத்துப்போகும், அதனால் எண்ணெய் தடவிக்கொண்டுதான் திருகுவோம். அக்கா எண்ணெய்ப் பாட்டிலை என் பக்கம் தள்ளிவிட்டாள். கால் மணி நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. அவ்வளவு நேரம் என்னால் சும்மா இருக்க முடியும் என்று அவளும் நினைத்திருக்க மாட்டாள்.

"இன்னாடி, என் மேல கோவமா?" என்றாள்.

"எனுக்கு இன்னாக்கா கோவம்? நீதான் கோவமா இருந்த. ஆறட்டும்னு வுட்டுட்டேன்."

அக்கா பழத்தைத் தூரப் போட்டாள். "எனுக்கு ஒரு மாசந்தான் கோவம். மீதி ரெண்டு மாசம் நீ நேர்ல வருவ, வருவன்னு வாசலயே பாத்துக்கினு இருந்தேன்."

அழுதுவிட்டேன். முகத்தைத் துடைக்கப் போன கையை அக்கா எட்டி மணிக்கட்டோடு பிடித்துக்கொண்டாள்.

"கண்ணத் தொடைக்காதடி. கையெல்லாம் பாலு," என்றாள். "அப்படியே அழு."