ஹீட் என்றால் தண்ணீர்

கோவில்பட்டி லாரிப் பட்டறையில் முப்பது வருஷம் கிடந்தவர் முத்துசெல்வம். அவருக்கு ஹீட் என்றால் ரேடியேட்டர் தண்ணீரின் சூடு, வேறெதுவும் கிடையாது. "அண்ணாச்சி, வண்டி ஹீட் ஆவுது" என்று யார் வந்து நின்றாலும் தண்ணீரைத்தான் முதலில் பார்ப்பார்.

ஆடியில் மனைவி சுந்தரேஸ்வரி இறந்ததிலிருந்து மனுஷனுக்கு எல்லாம் மரத்துப்போயிற்று. சோறு போட்டால் தின்பார், போடாவிட்டால் கேட்கமாட்டார். அழவும் இல்லை. ஊர் அதற்கும் ஒரு பேச்சுப் பேசியது, ஊருக்கென்ன வேலை.

மகள் இந்துஜாவுக்குக் கார்ப் பந்தயம். கயத்தாறு தாண்டி ஒரு மில்காரர் தன் கரிசல்காட்டில் பந்தயத் தடம் போட்டிருக்கிறார். கரிசலில் போட்ட தார் என்றைக்கு வெடிக்காமல் இருந்தது, வருஷாவருஷம் ஒட்டுப்போடுவார். புரட்டாசியில் அங்கே நடந்த பந்தயத்தில் முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் கோயம்புத்தூர்ப் பந்தய அணியில் சேர்த்துக்கொள்வதாக இருந்தது. அடுத்த வருஷம் அவளுக்கு வயது வரம்பு தாண்டிவிடும்.

ஓடுகிற வண்டியின் சூடு செல்போனில் எண்ணாக வந்து விழும்; அதைப் பார்த்து ரேடியோவில் அவளுக்குச் சொல்வது வழக்கமாக அவள் கூட்டாளி கார்த்திகேசன் வேலை. அன்றைக்கு அதை அப்பாவிடம் கொடுத்தாள்.

"ஹீட் ஏறிச்சுன்னா சொல்லுங்கப்பா, மெதுவாக்கிக்கிடுதேன்."

அவள் சொன்னது ஆயில் சூட்டை. சுற்றுச்சுற்றாய் முறுக்கி ஓட்டும் வண்டியில் தண்ணீர் சும்மா இருக்கும்போதே ஆயில் காய்ந்து இளகி, இன்ஜினைக் கெடுத்துவிடும்.

மொத்தம் பன்னிரண்டு சுற்று. ஒன்பதாவதில் மூன்றாம் இடம். முன்வண்டியை ஒட்டியே ஓட்டியதால் அதன் அனல் முழுக்க இவள் வண்டியில் அடித்தது.

"ஹீட் எவ்ளோப்பா?" என்று ரேடியோவில் கேட்டாள்.

"தொண்ணூத்திரெண்டு. ஒண்ணுமில்ல தாயி, போ."

அதற்குக் கீழே ஆயிலின் எண் ஆபத்தான நூற்று நாற்பத்தெட்டில் நின்றது. அதையும் பார்த்தார். கண் பார்த்தது மனசில் ஏறவில்லை.

பதினோராம் சுற்றில் இன்ஜின் கடகடத்து, இறுகிப் பிடித்து நின்றுபோயிற்று. வண்டியை ஓரங்கட்டிவிட்டு நடந்து வந்தாள். போனை வாங்கிப் பார்த்தாள்.

"தண்ணியச் சொன்னீங்களாப்பா?"

"ஹீட்டுன்னுதானட்டி கேட்ட."

"ஆயில்னு கேட்டிருக்கணும். என் தப்புதான்."

வைதிருந்தால்கூடத் தேவலை. மகளின் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டோம் என்று அவருக்குப் புரிந்தது. ஆனாலும் வலிக்கவில்லை.

"எனக்கு ஒண்ணுமே தோணலட்டி," என்றார்.

"தெரியும்ப்பா. அதனாலதான் போனை உங்ககிட்ட குடுத்தேன். ஒரு வேலை கையில இருந்தா கொஞ்சம் தெளிவீங்கன்னு."