பாதாம் சாக்லேட்டும் குடிக்காத தண்ணீரும்

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. நிறுவனத்தின் ஆண்டு மருத்துவப் பரிசோதனையில் எனக்கு ரத்தச் சர்க்கரை எல்லைக்கோட்டில் இருப்பதாக வந்தது. (நோய் இன்னும் வரவில்லை, வரக்கூடும் என்ற நிலை.) அப்பாவுக்கு ஏற்கெனவே இருக்கிறது.

2. டீயில் சர்க்கரையை விட்டேன். பிறகு டீயையே விட்டேன். அதோடு பாலும் போயிற்று.

3. இனிப்பை மட்டும் விட முடியவில்லை. அறையிலேயே சாக்லேட் செய்யத் தொடங்கினேன்.

4. அடுத்த பரிசோதனையில் சர்க்கரை இறங்கியிருந்தது.

5. ஒரு காலை ஷிப்டில், வலது விலாவுக்குக் கீழே, முதுகுப் பக்கமாக வலி வந்தது.

6. வலது சிறுநீரகத்திலிருந்து இறங்கும் குழாயில் ஒரு கல் அடைத்திருந்தது. இடது சிறுநீரகத்தில் இன்னொன்று, சிறியது, அசையாமல் உட்கார்ந்திருந்தது.

வரிசையில் தவறில்லை. ஆனால் எது எதனால் நடந்தது என்று எனக்கு இன்றும் முழுதாகத் தெரியாது. உங்களுக்கும் கல் வந்திருந்தால், சுற்றியிருப்பவர்கள் ஆளுக்கொரு காரணம் சொல்லியிருப்பார்கள். அந்தக் குழப்பத்தில் நீங்கள் தனியாக இல்லை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ஒரகடத்தில், கார்களுக்கு வயரிங் செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். படித்தது எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ. லைனின் கடைசியில் இருக்கும் சோதனை மேசை என்னுடையது. ஒவ்வொரு வயர்க் கட்டுக்கும் என் மேசையில் பச்சை விளக்கு எரிந்த பிறகுதான் அது பெட்டிக்குள் போகும்.

கழிவறைக்குப் போகக்கூட இடத்தை விட்டு எழ வேண்டுமென்றால் ரிலீவர் (நமக்குப் பதிலாக அந்த இடத்தில் நிற்கத் தகுதி பெற்றவர்) வர வேண்டும். சோதனை மேசைக்கு அப்படி ஒரே ஒருவர்தான் இருந்தார். எல்லா லைன்களுக்கும் அவரே. கூப்பிட்டால் வருவார், எப்போது என்று சொல்ல முடியாது. நான் எழுந்துபோனால் கட்டுகள் குவியும், திட்டு மற்ற பெண்களுக்கும் சேர்த்து விழும்.

அதனால் எங்கள் லைனில் யாரும் தண்ணீர் குடிப்பதில்லை. குடிக்கக் கூடாது என்று யாரும் சொன்னதுமில்லை. எல்லோரும் பாட்டிலை நிரப்பி எடுத்துப்போவோம், நிரம்பியபடியே திரும்பக் கொண்டுவருவோம். அறைக்கு வந்ததும் என் பாட்டில் தண்ணீரில்தான் பேச்சி முகம் கழுவுவாள். பேச்சி என் அறைத்தோழி, சங்கரன்கோவில் பக்கம். அதே லைனில் டேப் சுற்றுகிறாள். பிள்ளைப்பாக்கத்தில் வனஜா அக்கா வீட்டு மாடியில் இருவரும் வாடகைக்கு இருக்கிறோம்.

சாக்லேட் செய்வது எனக்குப் பிடித்த வேலையாகிவிட்டது. பாதாமைக் கருகாமல் வறுத்து, ஆறவிட்டு, மிக்ஸியின் சின்ன ஜாரில் அரைக்க வேண்டும். முதலில் பொடியாகும். பிறகு ஜாரின் ஓரத்தில் அப்பிக்கொண்டு கட்டியாகும். பலரும் இந்த இடத்தில் பொறுமை இழந்து தண்ணீர் ஊற்றிக் கெடுத்துவிடுவார்கள். விட்டு விட்டு அரைத்தால் பாதாமே எண்ணெய் விட்டு, குழைந்து, கரண்டியிலிருந்து வழியும். அதில் கோகோ தூள், கொஞ்சம் தேங்காய் எண்ணெய், இனிப்புக்கு நாலைந்து பேரீச்சம்பழம், துளி உப்பு. ஐஸ் தட்டில் ஊற்றி வனஜா அக்காவின் ஃபிரிட்ஜில் வைப்பேன். அதற்கு வாடகையாக அவர் இரண்டு துண்டு எடுத்துக்கொள்வார்.

மிக்ஸி சூடாகி வாடை வந்தால் பேச்சி கட்டிலில் படுத்தபடியே சொல்வாள்: “ஏட்டி, அதுக்கு மூச்சு வாங்குது. ஒரு ரிலீவர் போடு.”

ஆசைக்குச் செய்த இனிப்பு மெல்ல என் காலை உணவானது. காலை ஷிப்டுக்குப் பேருந்து சீக்கிரம் வந்துவிடும். நான்கு துண்டு போதும், மதியம் வரை பசிக்காது. பிறகு இரவிலும் சமைக்கச் சோம்பலாக இருந்தால் அதுவே. சர்க்கரை இறங்கிய அறிக்கை கைக்கு வந்ததும், நான் கண்டுபிடித்த வழி சரி என்று உறுதியாகிவிட்டது. லைனில் மற்ற பெண்களுக்கும் டப்பாவில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

வலி வந்த அன்று மேசையில் பச்சை விளக்கு எரிந்ததா இல்லையா என்பதே தெரியவில்லை. குனிந்தாலும் நிமிர்ந்தாலும் வலி மாறவில்லை. அலையாக ஏறி, கொஞ்சம் இறங்கி, மறுபடி ஏறியது. ரிலீவரைக் கூப்பிட்டேன். காத்திருந்தேன். பிறகு, குறையுள்ள கட்டுகளைப் போடும் சிவப்புப் பெட்டியில் வாந்தி எடுத்தேன்.

பேச்சி டேப்பைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தாள். அவள் இடம் காலியானதும் லைன் நின்றது. சூப்பர்வைசர் என்னவென்று கேட்டார். “நின்னா நிக்கட்டும் சார், பொறவு ஓட்டிக்கிடலாம்” என்று சொல்லிக்கொண்டே அவள் என் கையைப் பிடித்து எழுப்பினாள். ஒரு ஆளுக்காக எங்கள் லைன் நின்றதை அன்றுதான் முதன்முறையாகப் பார்த்தேன்.

முதலில் போன கிளினிக்கில் வாயுப் பிடிப்பு என்று ஊசி போட்டார்கள். வலி அடங்கியது. மாலையில் மாடிப்படியில் வனஜா அக்கா என்னைப் பார்த்தார். “இன்னா மா, மூஞ்சி வெளுத்துப் போய்கீது? வாந்தி எடுத்தியாமே?” கேள்விக்குப் பின்னால் வேறொரு கேள்வி இருந்தது. மறுநாள் வலி திரும்பியபோது ஆட்டோ பிடித்துப் பெரிய மருத்துவமனைக்கு அழைத்துப்போனவரும் அவரே. அங்கே முதலில் கர்ப்பப் பரிசோதனைதான் செய்தார்கள். (வயிற்று வலியோடு வரும் இளம் பெண்களுக்கு ஸ்கேனுக்கு முன் செய்வது வழக்கம்.) இல்லை என்று வந்ததும் அக்கா என் நெற்றி வியர்வையைத் தன் முந்தானையால் துடைத்தார். அதன் பிறகு ஸ்கேன் முடிவு வந்தது.

சிறுநீரக மருத்துவர் அவசரப்படாத மனிதர். அடைப்பால் வலது சிறுநீரகம் வீங்கியிருக்கிறது, விட்டுவைத்தால் அது நிரந்தரமாகக் கெடலாம் என்றார். பிறகு எவ்வளவு தண்ணீர் குடிப்பேன் என்று கேட்டார். என் பாட்டிலின் அளவைச் சொன்னேன்.

“பாட்டில் எவ்வளவுன்னு கேக்கல மா. அதுல நீங்க எவ்வளவு குடிச்சீங்க?”

பின்னால் நின்ற பேச்சி சொன்னாள்: “நான் மூஞ்சி கழுவுத தண்ணி சார் அது.”

சிறுநீர்ப் பாதை வழியாகவே மெல்லிய கருவியைச் செலுத்தி, லேசர் கொண்டு கல்லை உடைத்து எடுத்தார்கள். வெளியே தையல் எதுவும் இல்லை. உள்ளே ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். (சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பை வரை போகும் மெல்லிய குழாய், வீக்கம் வற்றும்வரை வழியைத் திறந்து வைத்திருக்கும்.) அது இருந்த நாட்களைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை, அதனால் நான் சொல்கிறேன். ஒவ்வொரு முறை சிறுநீர் கழிக்கும்போதும் விலாவுக்குள் ஒரு இழுப்பு இருக்கும். சிறுநீர் இளஞ்சிவப்பாக வரலாம். கழித்த உடனே மறுபடி போக வேண்டும் போலிருக்கும். பயப்பட வேண்டாம், ஆனால் காய்ச்சல் வந்தால் உடனே மருத்துவரிடம் போய்விடுங்கள்.

கல்லைச் சோதித்ததில் கால்சியம் ஆக்சலேட் என்று வந்தது. (ஆக்சலேட் என்பது பாதாம், கோகோ, பசலைக்கீரை போன்றவற்றில் இயல்பாகவே மிகுதியாக உள்ள பொருள். சிறுநீர் அடர்த்தியாக இருந்தால் கால்சியத்தோடு சேர்ந்து படிகமாகும்.) நான் என்ன சாப்பிடுகிறேன் என்று சொன்னேன். மருத்துவர் பேனாவை மூடி வைத்தார். பாதாமும் கோகோவும் சேர்த்தா, தினமும் இரண்டு வேளையா, பாலும் இல்லாமலா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பாலோ தயிரோ கூட இருந்திருந்தால் அதன் கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டைப் பிடித்து வைத்திருக்கும், அவ்வளவும் சிறுநீருக்கு வந்திருக்காது என்றார். ஆரோக்கியம் என்று நான் விலக்கிய பால் எனக்குக் காவலாக இருந்திருக்கலாம்.

அப்படியானால் காரணம் சாக்லேட்தானா என்று கேட்டேன்.

“இதனாலதான் வந்தேன்னு கல்லுல எழுதி ஒட்டியிருக்காது மா. தண்ணி இருக்கு, வெயில் இருக்கு, சாப்பாடு இருக்கு, உங்க உடம்பு வாகு இருக்கு. எல்லாத்தையும்தான் பாக்கணும்.”

எங்கள் தொழிற்சாலையில் ஒரு குறை வந்தால் ‘ஏன்’ என்று திரும்பத் திரும்பக் கேட்டு அடிக்காரணத்தைப் பிடிப்போம். காரணம் ஒன்றாக இல்லாவிட்டால் அறிக்கையை ஏற்க மாட்டார்கள். மருத்துவமனைக் கட்டிலில் படுத்துக்கொண்டு எனக்கும் அப்படிக் கேட்டுப் பார்த்தேன். ஏன் கல்? சாக்லேட். ஏன் சாக்லேட்? சர்க்கரைக்குப் பயந்து. சர்க்கரைக்கு அது நல்லதுதானே செய்தது? இன்னொரு பக்கமிருந்து தொடங்கினேன். ஏன் கல்? தண்ணீர் குடிக்கவில்லை. அப்படியானால் லைனில் எல்லோருக்கும் வந்திருக்க வேண்டுமே. ஒவ்வொரு முறையும் மூன்றாவது ‘ஏன்’ முதலாவதற்கே திரும்பி வந்தது.

அருப்புக்கோட்டையிலிருந்து அம்மா போனில் கேட்டார்: “அங்க தண்ணி சரியில்லையாத்தா?” ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டிருந்த வனஜா அக்காவுக்குக் கோபம். “எங்க போர் தண்ணியதான் இவ்ளோ வருசமா நாங்க குடிச்சிகினு கீறோம். எனக்கு இன்னா கல்லா வந்துச்சு? எல்லாம் அந்த நைட் ஷிப்டு சூடு.”

பேச்சியை நினைத்தால்தான் எனக்குக் குழப்பம் கூடுகிறது. அவள் என் டப்பாவிலிருந்தே தின்றாள். அவளும் தண்ணீர் குடிக்கவில்லை. ஒரே பொருள், ஒரே முறை, ஒரே லைன். ஸ்கேன் எடுத்துப் பார் என்று கெஞ்சினேன். “இருந்தா அதுவே சொல்லும்லா. நீ போயி இல்லாததத் தேடாத” என்கிறாள்.

சர்க்கரைக்குப் பார்க்கும் மருத்துவர் என் பாதாம் சாக்லேட் உணவே தொடரட்டும் என்றார். சிறுநீரக மருத்துவர் வேண்டாம் என்றார். ஒரே பாகத்துக்கு இரண்டு வாடிக்கையாளர்கள் இரண்டு வரைபடம் கொடுத்தது போலிருந்தது. ஒருவர் எழுதியதை மற்றவரிடம் காட்டினேன். இருவருமே தலையசைத்து, அளவு முக்கியம் என்றார்கள். அளவு எவ்வளவு என்பதை உணவு ஆலோசகரிடம் கேட்கச் சொன்னார்கள். அவரிடமிருந்துதான் கொஞ்சம் தெளிவு கிடைத்தது. பாலும் தயிரும் சாப்பாட்டோடு திரும்பி வந்தன. பாதாமுக்குப் பதில் பூசணி விதையும் கொப்பரைத் தேங்காயும். கோகோ வாசனைக்கு மட்டும், சர்க்கரை சேர்க்காத பால் பவுடரோடு. வேளைக்குப் பதிலாக அல்ல, வேளைக்குப் பிறகு ஒரு துண்டு.

பூசணி விதை பாதாம் போல எளிதில் இளகுவதில்லை. நிறமும் பாசிப் பச்சை. முதல் துண்டை வாயில் போட்டுக்கொண்டு பேச்சி சொன்னாள்: “தேங்கா பர்பின்னு சொல்லு, ஒத்துக்கிடுதேன். சாக்லேட்டுன்னு மட்டும் சொல்லாத.”

வேலைக்குத் திரும்பியபோது இடது பக்கக் கல்லைப் பற்றிய பயமும் கூடவே வந்தது. அது நகர்ந்தால் மறுபடி எல்லாம் முதலிலிருந்து. ரிலீவருக்காகக் காத்திருக்கும் அதே மேசைதான். கூடுதல் ஆள் கேட்டேன்; பார்க்கலாம் என்றார்கள். யார் எந்த இடத்தில் நிற்கத் தகுதி பெற்றவர் என்று லைனுக்குப் பக்கத்தில் ஒரு பலகை உண்டு. அதில் பேச்சியின் பெயருக்கு நேரே சோதனை மேசைக் கட்டம் காலியாக இருந்தது. உணவு இடைவேளைகளில் அவளுக்கு அந்த வேலையைக் கற்றுக்கொடுத்தேன். தேர்வில் முதல் முறை தவறினாள். என்னைத் திட்டிக்கொண்டே மறுபடி எழுதித் தேறினாள். அவள் என் மேசைக்கு வந்தால், அருகில் இருக்கும் பெண் அவளுடைய டேப்பைப் பிடித்துக்கொள்வாள். இப்போது அவளும் தண்ணீர் குடிக்கிறாள், நான் திரும்பி வந்ததும் அவளைக் கழிவறைக்கு அனுப்புவேன் என்பதால்.

முன்பு மணி அடித்தால் பசி, மணி அடித்தால் ஓய்வு. தொழிற்சாலையின் நேரம்தான் என் உடம்பின் நேரம். இப்போது பாட்டிலில் மார்க்கர் பேனாவால் கோடுகள் போட்டிருக்கிறேன். எந்தக் கோட்டில் இருக்கிறேன் என்பதுதான் எனக்கு மணி. விலாவுக்குக் கீழே லேசாக ஏதாவது அசைந்தால் கை தானாக அங்கே போகிறது. பெரும்பாலும் அது ஒன்றுமில்லை.

இப்போதைய நிலை: வலது சிறுநீரகத்தின் வீக்கம் வற்றிவிட்டது. இடது பக்கக் கல் அதே அளவில் அதே இடத்தில் இருக்கிறது. சர்க்கரை மறுபடி எல்லைக்கோட்டுக்கு அருகில். காரணம் எதுவென்று முடிவாகவில்லை. பாட்டில் காலியாகத் திரும்பி வருகிறது. பேச்சி முகம் கழுவக் குழாய்க்குப் போகிறாள்.