‘த’ வராத பாலம்

அம்பலவாணர் எங்கள் பல் டாக்டரின் அறைக்கு வந்தபோது சால்வைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டுதான் வந்தார். தெல்லிப்பழையில் புகையிலைத் தோட்டம் செய்கிறவர். கிணற்றடியில் பாசி வழுக்கி விழுந்து, இறைக்கிற வாளியின் விளிம்பில் அடிபட்டு, மேல் முன்பல் இரண்டும் போய்விட்டன.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. யாழ்ப்பாணப் பட்டினத்தில் அந்த டாக்டரிடம் பல் மெக்கானிக். வாயில் அச்சு எடுப்பது டாக்டர். பின்னறையில் மெழுகு, தங்கம், ஊதுகுழல், அரம் எல்லாம் என் பாடு.

“ஹம்பி, எட்டு நாளிலை கோயில்லை புராணப் படிப்புத் துவங்குது. பல்லில்லாட்டி வேறை ஆளைப் போடுவம் எண்டு மனேச்சர் சொல்லிப்போட்டார்” என்றார். அவருடைய ‘த’ எல்லாம் காற்றாகப் போனதை இனி எழுதிக்காட்டப் போவதில்லை.

புராணப் படிப்பில் ஒருவர் பாட்டை இராகத்தோடு வாசிப்பார். மற்றவர் பொருள் சொல்வார். முப்பது வருடமாக வாசிப்பு அம்பலவாணருடையது. அது போனால் ஊரில் தலைகாட்ட மாட்டேன் என்று கண் கலங்கினார்.

“கழட்டிப் பூட்டுற பல்லு வேண்டாம். பாடேக்கை விழுந்திடும். பிறிட்ஜ் போடுவம்” என்றார் டாக்டர்.

“அதென்ன?”

“பாலம், ஐயா. ரெண்டு பக்கத்துப் பல்லையும் தூணாய் வைச்சு, நடுவிலை புதுப்பல்லைக் கட்டுறது” என்றேன் நான்.

“யாழ்ப்பாணத்திலை ஒரு ஆறும் இல்லை. என்ரை வாய்க்கை பாலமோ?” என்று சிரித்தவர், உடனே முகம் மாறினார். “பல்லு என்னத்திலை செய்யிறியள்? எலும்பெண்டால் எனக்கு வேண்டாம். நான் சுத்த சைவம்.”

“முன்னுக்குப் பீங்கான், பின்னுக்குத் தங்கம்.”

“அப்ப சரி.”

தோட்டக்காரர், கரும்பு கடிப்பார், உறுதியாக இருக்கட்டும் என்று பின்பக்கத் தங்கத்தைத் தடிப்பாக வார்த்தேன். ஐந்தாம் நாள் பூட்டிப் பார்த்தோம். சும்மா சொல்லக்கூடாது, அழகென்றால் அப்படி ஓர் அழகு! டாக்டர் ஒரு துண்டுப் பாண் ரொட்டியைக் கடிக்கச் சொன்னார். கடித்தார். எண்ணச் சொன்னார். “ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு, அஞ்சு” என்று மணிபோல வந்தது. எதற்கும் இரண்டு நாள் பார்ப்போம் என்று டாக்டர் கழற்றக்கூடிய பசையால் ஒட்டிவிட்டார். ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று கும்பிட்டுவிட்டு ஓடினார் மனிதர்.

மறுநாள் காலையில் கதவு திறக்க முன்னமே வாசலில் நின்றார்.

“டம்பி!”

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

“டேவர் எண்டெல்லோ வருகுது! வெள்ளைக்காரப் பாதிரி புராணம் படிக்கிற மாதிரிக் கிடக்கெண்டு மச்சான்காரன் விழுந்து விழுந்து சிரிக்கிறான். நாளையிண்டைக்குப் படிப்பு. நான் என்ன செய்ய?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாங்கள் எண்ணும் ஒன்றிலிருந்து ஐந்து வரையில் ஒரு ‘த’கூட இல்லை! அதற்கு நாக்கு முன்பல்லின் பின்பக்கத்தில் போய்ப் படவேண்டும். என் தடித்த தங்கம் அதை மறித்துக்கொண்டு நின்றது. வெட்கமாகப் போய்விட்டது.

டாக்டர் விடவில்லை. “பல்லு சாப்பிடத்தானே? பழகச் சரிவரும்.”

“அவருக்குப் பழக நாள் இல்லை, சேர். பிழை என்ரை. நானே திருத்துறன்” என்றேன்.

எங்கே எவ்வளவு அராவுவது? கண்டபாட்டுக்கு அராவினால் பாலம் பலம் கெட்டுவிடும். பின்பக்கத்தில் வெள்ளைத் தூள் பூசி, ‘த’ சொல்லவைத்தால், நாக்குப் பட்ட இடம் அழிந்து காட்டும் என்று ஒரு யோசனை வந்தது. மேசையிலிருந்த மினுக்குகிற தூளை எடுத்தேன்.

“உது எலும்புத் தூளோ ஆர் கண்டது! வாய்க்கை விடமாட்டன்” என்றவர், மடியிலிருந்து திருநீற்றுப் பையை அவிழ்த்து நீட்டினார். “இதைப் பூசு.”

“ஐயா, நான் குருநகர் வேதக்காரன், மாதா கோயில் ஆள். தொடலாமோ?”

“என்ரை வாய்க்கை இருக்கிற பல்லே உன்ரை கையாலை செய்தது, இப்பதான் கேக்கிறாய்! பூசு!”

பூசினேன். “தேவர்” என்று இராகம் எடுத்தார். கழற்றிப் பார்த்தேன். திருநீறு அழிந்த இடத்தில் ஒரு மயிரிழை அராவினேன். திரும்பப் பூட்டு, பூசு, பாடு, கழற்று. பதினோராவது முறையோ என்னவோ, தேவர் தேவராகவே வந்தார். மனிதர் கதிரையிலிருந்து எழுந்து என்னைக் கட்டிப்பிடித்தார்.

படிப்பன்று தெல்லிப்பழைக்குப் போனேன். கோயிலுக்குள் போகவில்லை, வெளிவீதியில் நின்றேன். அவர் குரல் எழும்பியது. இராகம் எனக்குத் தெரியாது. ‘த’வுக்கு மட்டும் காதைக் கொடுத்தேன். ஒவ்வொன்றும் வந்து விழ விழ, என் கண்ணால் தண்ணீர் வந்தது.

அதற்குப் பிறகு அச்சு எடுக்க முன்னம் எவரிடமும் ஒன்று கேட்பேன்: “உங்கடை வாய்க்கு என்ன தொழில்?” ஒருமுறை பெரிய கடைச் சந்தை மீன்காரி ஒருவர் யோசிக்காமல் சொன்னார்: “ஏசுறது.”

பாலத்தைப் பூட்டியதும், “அப்ப என்னை ஒருக்கா ஏசிக்காட்டுங்கோ, அக்கா” என்றேன். என் ஏழு தலைமுறையையும் இழுத்து ஏசினார். ஓர் எழுத்தும் பிசகவில்லை.